உறை வந்து சேர்ந்தது

பிலடெல்ஃபியா
பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதம் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. உறைமேல் என் விலாசத்தை நிழல் எழுத்தில் எழுதியிருந்தீர்களே, தபால்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது அச்சா கையா என்று கேட்டார். கைதான், எங்கள் அப்பா கை என்றேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். "நலம்" என்று போட்டுவிட்டு அப்படியே மடித்து வைத்துவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குளிரைச் சொல்லி முடியாது. தேங்காயெண்ணெய் கல்லாகிக் கிடக்கிறது. தோசை மாவு மூன்று நாள் வைத்தாலும் பொங்காது. ஓவன் அடுப்புக்குள் பாத்திரத்தை வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் ஒருவழியாகப் புளிக்கும். ஹீட்டரை ராத்திரியில் குறைத்துவிடுகிறோம். இரண்டு கம்பளி இருக்கும்போது எதற்கு. அம்மா அனுப்பிய கடலை மிட்டாயில் ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு. உங்கள் மாப்பிள்ளை கணக்கை மீறுகிறார். ஜனவரியிலிருந்து அவர் வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பதால் டப்பா அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பனி பெய்து ஓய்ந்ததும் தன் கார் நிற்கும் இடத்தை மண்வெட்டியால் சுத்தம் செய்துவிட்டு, நடுவில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகிறாள். அது அவள் இடமாம். பஸ்ஸில் துண்டு போடுவதுபோல! போலீஸ் கூடாது என்றாலும் இந்த ஊரில் பாதிப்பேர் இப்படித்தான். நம் ஊரில் தேர்தல் வருவதற்கு ஆறு மாதம் முன்பே சுவரில் கட்சிப் பெயரை எழுதி இடம் பிடிப்பார்களே, அதை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், அங்கே உங்களைப்போல் சுவரில் எழுதுகிறவர்கள் உண்டா, இல்லை எல்லாம் ஃபிளெக்ஸ்தானா என்று. அப்பா, இது சுவர் வரைகிறவர்களின் ஊர். மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்குப் படங்கள். இதுவரை 4,000-க்கு மேல் வரைந்திருக்கிறார்களாம். எப்படித் தொடங்கியது தெரியுமா? பையன்கள் ராத்திரியில் ஸ்ப்ரே டப்பாவோடு போய் ஊர்ச் சுவரிலெல்லாம் தங்கள் பெயரைக் கிறுக்கித் தள்ளினார்கள். 1984-ல் மேயராக இருந்த வில்சன் குட் அதை ஒழிக்க ஒரு அமைப்பு போட்டார். இனிமேல் கிறுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் மன்னிப்பு. அந்தப் பையன்களைப் பார்த்துக்கொள்ள ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அமர்த்தினார்கள். அவர் பையன்களிடம் பிரஷ்ஷைக் கொடுத்தார். 1996-ல் அதுவே மியூரல் ஆர்ட்ஸ், அதாவது சுவரோவியக் கலை, என்ற தனித் திட்டமானது. பாட்டியின் தம்பியும் அப்போது கையெழுத்துப் போட்டவர்தானாம். அவர் இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்.

உங்களுக்குப் பிடிக்கிற சமாச்சாரம் இனிமேல்தான். பெரிய படங்களை முழுக்கச் சாரத்தில் தொங்கிக்கொண்டு வரைவதில்லை. பாராசூட் துணி என்று ஒரு மெல்லிய துணி. படத்தை நீங்கள் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது மாதிரியே பிரித்து, ஐந்தடிக்கு ஐந்தடித் துண்டுகளில் கோடு இழுத்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் மேசையில் வைத்துத் தீட்டலாம். பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டிவிட்டால் பெயின்டோடு பெயின்டாகப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் துணி சிறைக்குள்ளேயும் போகும். கிரேட்டர்ஃபோர்டு என்று ஒரு பெரிய சிறை இருந்தது, 2018-ல் மூடிவிட்டார்கள். அங்கே ஆயுள் கைதிகள் தீட்டிக் கொடுத்த துண்டுகள் ஊருக்குள் சுவர்களில் இருக்கின்றன. தீட்டியவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார்கள்?

பொதுமக்களையும் தீட்டக் கூப்பிடுவார்கள். எனக்கு இந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை, சும்மா போய் உதவலாம். நான்கு சனிக்கிழமை போனேன். என் மேசையில் ஒரு பையன், பத்தொன்பது வயது. கணுக்காலில் கறுப்புப் பட்டை. அவன் எங்கே இருக்கிறான் என்று கோர்ட்டுக்குச் சொல்கிற கருவி அது. செல்போன் மாதிரி அதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதனால் சுவர் பிளக் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டே தீட்டுகிறான். நான் இழுத்த கோட்டைப் பார்த்துவிட்டு, நீ பிரஷ்ஷைத் தள்ளுகிறாய், இழு என்றான். அப்பா, எனக்கு ஏழு வயதில் நீங்கள் சொன்னது! எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இங்கே பெயின்டுக்கு வாசனையே இல்லை. உங்கள் சட்டையில் வரும் டர்பன்டைன் வாடைக்கு மூக்கு தேடுகிறது.

இந்தப் பையன்களுக்கும் சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் 'கில்டு' என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். சுவர் வரைவது, மொசைக், தச்சுவேலை. சொல்லிக்கொடுக்கும்போதே சம்பளமும் கொடுக்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது இதுதான். புத்தி சொல்கிறவர்கள் அவனுக்கு நிறையப் பேர் இருந்திருப்பார்கள், செய்த வேலைக்கு எண்ணிக் காசு கொடுத்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாரும் திருந்திவிடுகிறார்கள் என்று கதை விட மாட்டேன். போன சனிக்கிழமை அவன் வரவில்லை. கேட்டேன், யாரும் சரியாகச் சொல்லவில்லை. அவன் பாதி முடித்த துண்டை நான் தொடாமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் நீங்கள் இங்கே வரவேண்டும். மேற்குப் பக்கம் மேம்பாலத்தில் ஓடும் ரயிலில் ஏறினால், 45-ஆம் தெருவிலிருந்து 63-ஆம் தெருவரை மொட்டைமாடி உயரச் சுவர்களில் ஒரு காதல் கடிதம் துண்டு துண்டாக எழுதியிருக்கும். 2009-ல் ஸ்டீவ் பவர்ஸ் எழுதியது, மொத்தம் 50 சுவர். அவரும் இந்தப் பக்கத்துப் பையன்தான், முன்பு திருட்டுத்தனமாகச் சுவரில் கிறுக்கியவர்தான். பிறகு சைன்போர்டு எழுத்தைக் கற்றுக்கொண்டார். படம் குறைவு, எழுத்துதான் அதிகம். வளைவுகளைப் பார்த்தால் நீங்கள் "பய கை நிக்குது" என்பீர்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெற்குத்தெரு அத்தை மகன், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் யாரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பைக்கைத் தூக்கியது தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு முடியாத பையன் செய்த திருட்டு, வேலைக்கோ படிப்புக்கோ குறுக்கே நிற்கக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. அத்தைக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவள் இனி எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் உங்களுக்கு வேலை வரும். பள்ளிக்கூடச் சுவரும் பாக்கி இருக்கிறது. அவனைச் சாரத்தில் ஏற்றுங்கள். முதலில் நூல் பிடிக்கட்டும். கூலியை அத்தை கையில் கொடுக்காதீர்கள், அவன் கையில் கொடுங்கள், அன்றைக்கே. "சொந்தக்காரப் பயலுக்கு என்ன கூலி" என்று அம்மா சொல்வாள், காதில் வாங்காதீர்கள். அடுத்த கடிதத்தின் உறையில் விலாசத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் நீங்கள் திருத்த வேண்டாம்.

சரி, மற்ற விஷயம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே காலம் தள்ளாமல் டாக்டரைப் பார்க்கட்டும். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டதா? அக்காவின் வளைகாப்புத் தேதி குறித்ததும் சொல்லுங்கள், என் பெயரில் ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கிவிடுங்கள். தம்பி ஃபீஸை இந்த மாதம் நீங்களே கட்டிவிடுங்கள். இங்கே பாங்கில் ஏதோ மாற்றம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வீட்டு வரி ரசீதைப் பழைய பீரோவில் வைக்காதீர்கள், கரையான்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவள்

பி.கு.: போட்டோவில் என் கழுத்தில் சங்கிலியைக் காணோம் என்று அம்மா கேட்டிருந்தாள். பத்திரமாக இருக்கிறது. மேலே ஸ்வெட்டர் போட்டிருந்ததால் தெரியவில்லை.