எதிர் வீட்டு ஆட்ரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஆட்ரி என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றதும் "அதுக்கு என்ன அர்த்தம்டி?" என்று போனில் கேட்டாயே, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, குழந்தையின் அம்மாவைக் கேட்டால் "எங்க பாட்டி பேரு" என்பதோடு சரி. கடைசியில் பார்த்தால் பதில் இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் இந்த ஈலி ஊரிலேயே இருக்கிறது.

ஆட்ரி என்பது வாயில் புழங்கித் தேய்ந்த பேர். முதலில் அது எதெல்த்ரித். 'எதெல்' என்றால் உயர்குடி, 'த்ரித்' என்றால் வலிமை. அந்தப் பேருக்கு உரியவள், இங்கிலாந்தில் அப்போது தனி நாடாக இருந்த கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் மகள். இரண்டு கல்யாணம் ஆகியும், இரண்டாவது கணவன் நார்தம்ப்ரியா என்ற இன்னொரு நாட்டுக்கே அரசனாக இருந்தும், துறவுதான் வேண்டும் என்று 12 வருஷம் பிடிவாதமாக நின்று ஜெயித்தவள், அம்மா! அப்புறம் இங்கே வந்து 673இல் மடம் கட்டினாள். அப்போது இது சதுப்பு நிலத்துக்கு நடுவே ஒரு தீவு.

679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தாள். சின்ன வயதில் கழுத்து நிறைய மாலை போட்டுக்கொண்டதற்கு இது சரிதான் என்று அவளே சொன்னதாக பீட் என்ற துறவி எழுதியிருக்கிறார். 16 வருஷம் கழித்து அக்கா செக்ஸ்பர்க் கல்லறையைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்ததாம்.

அவள் பேரில் இங்கே நடந்த சந்தையில் கழுத்தில் கட்டிக்கொள்ளும் பட்டு லேஸ் விற்றார்கள். 'செயின்ட் ஆட்ரி லேஸ்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, செயின்டின் கடைசி 'ட்' ஆட்ரியோடு ஒட்டி 'டாட்ரி' ஆகிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் டாட்ரி என்றால் பகட்டான மட்டமான சரக்கு. எனக்கு மனசே ஆறவில்லை. ஏழைப் பெண்கள் ஆசையாக வாங்கிக் கட்டியதை வைத்து, அவள் பேரையே வசைச்சொல் ஆக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேராலயத்துக்குப் போயிருந்தேன். அவள் சமாதியை 1541இல் இடித்துவிட்டார்கள், அது இருந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு கறுப்புக் கல், அதில் அவள் பேர். குனிந்து தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

நேற்று எதிர் வீட்டுப் பெண்ணிடம் பேரின் அர்த்தம், உயர்குடி, வலிமை இரண்டையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி, காதோரமாக அதையே திரும்பச் சொன்னாள். லேஸ் கதையைச் சொல்ல வாய் வரவில்லை, பிள்ளை பெற்று மூன்று வாரம்தான் ஆகிறது. சொல்லியிருக்கலாமா, அம்மா? பதில் போடு.

உன் மகள்