பெயர் கேட்க மறந்த அந்தப் பெண்ணுக்கு

பல்கலைக்கழகத்தின் கலை வரலாறு, கலைப்பொருள் பராமரிப்புத் துறை நடத்திய திறந்த நாளுக்குப் போன வாரம் போயிருந்தேன். உரைகள் நன்றாகத்தான் இருந்தன. 1966-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் வந்த வெள்ளத்தில் சேற்றில் மூழ்கிய நூல்களையும் ஓவியங்களையும் மீட்கப் பல நாட்டு இளைஞர்கள் ஓடிவந்த கதையை அங்கேதான் கேட்டேன். ஆனால் இந்த நன்றி, ஆய்வுக்கூடத்தில் நீல ஏப்ரனோடு நின்ற மாணவிக்கு.

என் கையில் தாத்தா வரைந்த நீர்வண்ணப் படம். கிழிசலில் எப்போதோ செலோடேப் ஒட்டியது நானேதான். காட்டும்போதே ஓரத்தை நகத்தால் உரிக்கப் போனேன். "ஐயோ, வேண்டாம் சார்!" என்று கையைப் பிடித்துவிட்டார். டேப்பின் பசை காகித இழைக்குள் இறங்கிப் பழுப்பேறிவிடுமாம். உரித்தால் காகிதத்தின் மேல்தோலும் கூடவே வந்துவிடுமாம். அப்புறம் வேறொரு தாளைக் கிழித்து, மெல்லிய ஜப்பானியத் தாளில் கோதுமை மாவுச்சத்துப் பசை தடவி ஒட்டிக் காட்டினார். லேசாக ஈரப்படுத்தினால் சேதமில்லாமல் திரும்ப எடுத்துவிடலாம், அதற்காகத்தான் இந்தப் பசை என்றார். என்னைத் திட்டவே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம் போதும், வெளுத்த நிறம் திரும்பாது என்றும் சொல்லி அனுப்பினார்.

படம் இப்போது அலமாரிக்குள் இருக்கிறது, டேப்போடுதான். ரொம்ப நன்றிம்மா.