ஆறாவது பல்

அன்பு மகள் செல்விக்கு,

நீ அனுப்பிய படம் வந்து எட்டு நாளாகிறது. ஏழு புட்டிகளை உயரவாரியாக நிறுத்தி, "பாருங்கள் அப்பா, பல்லுக்கு என்னவெல்லாம் செய்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தாய். அம்மாவிடம் காட்டினேன். "என் பெண் எதைச் செய்தாலும் ஒரு ஒழுங்கு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் தூங்கப் போன பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு புட்டியின் சீட்டையும் படித்தேன். கண்ணாடி போதவில்லை, உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டேன். மூன்று இரவுகள் அதிலேயே போயின.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை. சித்தப்பா வந்துவிட்டுப் போனார். பழைய பேச்சுதான், நீ அதை நினைக்காதே.

வைட்டமின் சி மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் இருந்தால் போதும். அந்தச் சத்து ஈறுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் உடம்பில் தசையைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாது; ஈறு தளர்ந்து ரத்தம் கசியும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் அந்தச் சத்தில்லாமல் நோய்ப்பட்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வைத்தியம் பார்த்தாரே, ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் ஆறே நாளில் தேறினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து நீதான் எனக்குச் சொன்னாய். ஆனால் அவர்கள் வாரக்கணக்கில் பழமோ காயோ கண்ணில் காணாதவர்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உனக்குக் கோபம் வரும். சாப்பிடுகிறவளுக்கு ஈறில் ரத்தம் வந்தால், ஈறோரத்தில் படிந்த கிருமிப் படலம்தான் பெரும்பாலும் காரணம். அது இறுகிக் காரையாகிவிட்டால் மாத்திரைக்கும் பெயராது, பிரஷ்ஷுக்கும் பெயராது. பல் மருத்துவர்தான் கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும்.

அது மெல்லுகிற மாத்திரை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது அமிலம் அம்மா. பி.எச். என்ற அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்; வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரையத் தொடங்கிவிடும். உமிழ்நீர்தான் அந்த அமிலத்தை மெல்ல மெல்லச் சரிசெய்கிறது, அதற்கு நேரம் வேண்டும். நீ மதியம் வேலைக்கு நடுவில் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்வதாகச் சொன்னாய். பல்லுக்கென்று வாங்கிய மாத்திரை அங்கே உட்கார்ந்து பல்லைத்தான் தின்கிறது. விழுங்குகிற மாத்திரையாக மாற்றிக்கொள். அமிலம் பட்ட உடனே பல் துலக்காதே. தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறு.

ஜெல்லி மிட்டாய் போல இருக்கும் வைட்டமின் டியில் இரண்டாவது பொருளே சர்க்கரை. பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். இரவு படுக்கும்போது தின்கிறாய். இது எப்படி உன் கண்ணில் படவில்லை? ஒரு ஒப்பந்தத்தில் ஒற்றைக் கமா தவறியிருந்தால் கண்டுபிடிக்கிறவள் என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால்சியம் எலும்புக்குத் தேவை, சரி. ஆனால் வளர்ந்த பல்லின் எனாமலில் உயிரணுவே கிடையாது. குழி விழுந்துவிட்டால், எத்தனை கால்சியம் விழுங்கினாலும் அது மூடிக்கொள்ளாது. தொடக்கத்தில், வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது, ஃபுளோரைடும் உமிழ்நீரும் சேர்ந்து அதை மீட்க முடியும். குழியான பிறகு முடியாது.

கரித்தூளைத் தூக்கிப் போட்டுவிடு. அது எனாமலைத் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளேயிருக்கும் மஞ்சள் நிறம்தான் எட்டிப் பார்க்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பைப் போட்ட சூயிங்கம் நல்லது, வைத்துக்கொள். சொத்தைக் கிருமியால் அதை அமிலமாக்க முடியாது. அளவு மிஞ்சினால் வயிறு இளகும், அவ்வளவுதான். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல். ரத்தம் உறைவதை அது சற்றுத் தாமதப்படுத்தலாம். பல் எடுக்க நேர்ந்தால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல் எடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீ போய்க் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆறு புட்டி ஆயிற்று.

ஏழாவது, ஓரத்தில் இருக்கும் சின்னப் பழுப்புப் புட்டி. அதைப் பற்றி நீ எழுதியிருந்தது இதுதான்: "இரண்டு வாரமாகக் கடைவாய்ப்பல் வலித்தது. கிராம்புத் தைலம் வைத்தேன். இப்போது வலியே இல்லை. நம் வீட்டு வைத்தியம், நீங்கள் கற்றுக்கொடுத்தது!" பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. இரண்டு வாரம் வலித்திருக்கிறது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலி போன பிறகுதான் சொல்கிறாய். அதற்கப்புறம் இரண்டு முறை, "அப்பா, படம் வந்ததா?" என்று கேட்டாய். இரண்டு முறையும் அம்மாவைப் பேசச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

செல்வி, வலி போய்விட்டது என்று நீ எழுதியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிராம்பில் யூஜெனால் என்றொரு பொருள் இருக்கிறது. அது நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். அதனால் அது பொய் வைத்தியம் அல்ல. மருத்துவரிடம் போய்ச் சேரும் வரைக்குமான வைத்தியம். தைலம் வைத்து வலி அடங்கினால் சில மணி நேரம் அடங்கும். அடியோடு நின்றுவிட்டது என்றால், உள்ளே நரம்பு செத்திருக்கலாம். செத்த நரம்பு வலிக்காது. வேர் நுனியில் சீழ் கட்டி எலும்பை அரித்துக்கொண்டு போகும். உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும்.

உனக்கு எட்டு வயது. கீழ்த்தாடையில் இடது பக்கம். நீ என் மடியில் தலை வைத்து வாயைத் திறந்துகொண்டிருப்பாய். பஞ்சைப் பல்குச்சி முனையில் அரிசியளவு சுற்றித் தைலத்தில் தோய்த்து அந்தக் குழிக்குள் வைப்பேன். நாக்கில் பட்டுவிட்டால் எரியும். நீ அழ மாட்டாய், என் கட்டைவிரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். அம்மா தினமும் சொன்னாள், மருத்துவரிடம் காட்டலாம் என்று. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்றேன். ஒரு நாள் இரவு வலி நின்றுவிட்டது. என் கைவைத்தியம் பலித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கடிதமே எழுதினேன்.

அது பால் பல் அல்ல. நடுவிலிருந்து எண்ணினால் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் பால் பல். ஆறாவது, ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அது ஆயுளுக்குமான பல். காலமெல்லாம் கணக்கெழுதியவன் என் மகள் வாயில் ஆறு வரை எண்ணிப் பார்க்கவில்லை.

இதுவரை நான் சொன்னதை அம்மாவும் அறிவாள். இனிச் சொல்வது அவளுக்கும் தெரியாது. உன் பள்ளியில் பல் பரிசோதனை நடந்தபோது ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார்கள். நிலையான பல், உடனே காட்டவும் என்று அதில் எழுதியிருந்தது. அதை வாங்கிப் படித்து, மடித்து, என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன். பன்னிரண்டு வயதில் நான் உட்கார்ந்த அந்த நாற்காலியின் நினைவு எனக்கு. உன்னைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை. பணம் இருந்தது. பயம்தான். நான்கு மாதம் கழித்துக் கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு உன்னைத் தூக்கிப் போனபோதும், உள்ளே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டது அம்மாதான். நான் வெளியே நின்றேன். பல்லை எடுத்துவிட்டு வந்தவளிடம், "மிட்டாய் தின்றாய் அல்லவா, அதனால்தான்" என்று சொன்னேன். நீயும் தலையாட்டினாய். இன்றைக்கும் யாராவது கேட்டால், "சின்ன வயதில் மிட்டாய் நிறையத் தின்பேன்" என்றுதான் சொல்கிறாய். போன முறை வந்தபோது அத்தையிடம் சொன்னாய். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ வலது பக்கமாகவே மெல்லுவதை நான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்த இடத்தை நோக்கிப் பின்பல் சாய்ந்திருக்கும். இப்போது வலித்தது எந்தப் பக்கம்? நீ எழுதவில்லை. வலதாக இருந்தால், மெல்லுவதற்கு உனக்கு மிச்சமிருக்கும் பக்கம் அதுதான்.

இந்த வாரமே போ. எக்ஸ்ரே எடுக்கச் சொல். நரம்பு செத்திருந்தாலும் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஊசி போட்டு மரத்த பிறகுதான் தொடுவார்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ நாள் பார்க்காதே. நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போ. ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்கு. மெல்லும் மாத்திரையை நிறுத்து. மீன் எண்ணெய் சாப்பிடுவதை அவரிடம் சொல்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவிடம் இன்று மாலை காட்டப் போகிறேன்.

என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. நீ அந்த அறைக்குள் போகிற நேரத்தில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். நீ விரும்பினால் இணைப்பைத் துண்டிக்காமல் மடியில் வைத்துக்கொள். நான் ஒன்றும் பேச மாட்டேன்.

அன்புடன்,
அப்பா