வரிக் கணக்கை சாட்பாட்டிடம் ஒப்படைக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த வருட வருமான வரி ரிட்டர்னை ஆடிட்டர் இல்லாமல் சாட்பாட்டை வைத்தே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். கம்பெனி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ல் ஓர் இடம் புரியவில்லையா, அதனிடம் கேள், நன்றாகவே விளக்கும். ஆனால் எது வரிக்கு உட்பட்டது, எந்தத் தொகை எந்தக் கட்டத்தில் போகும் என்கிற முடிவை அதன் கையில் விடாதே. உன் சம்பள அமைப்பில் அது தவறக்கூடிய இடங்கள் பல இருக்கின்றன.

பெரிய சிக்கல் ஆண்டுக் குழப்பம். இந்தியச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை 12 மாதத்துக்குள் விற்றுக் கிடைக்கும் குறுகிய கால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 15-லிருந்து 20 சதவீதமானது. நீண்ட கால ஆதாயத்துக்கு 10-லிருந்து 12.5. 2025-26-க்குப் புதிய வரி முறையின் அடுக்குகளே மாறின. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆனால் நீ இப்போது தாக்கல் செய்யும் 2025-26 வருமானத்துக்கு 1961 சட்டம்தான் பொருந்தும். இத்தனை காலத்து விதிகளும் அது படித்த எழுத்துகளில் கலந்து கிடக்கின்றன. எதை எடுத்துப் பதில் சொல்கிறது என்று அது சொல்லாது. பழைய விதியையும் அதே உறுதியான குரலில்தான் சொல்லும். கேட்கும்போது "2025-26 நிதியாண்டு, 2026-27 மதிப்பீட்டு ஆண்டு, புதிய வரி முறை" என்று மூன்றையும் எழுது; மதிப்பீட்டு ஆண்டு என்பது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு. அப்படியும் பதிலை வருமான வரித் துறையின் தளத்தில் சரிபார்.

புதிய வரி முறையில் "12 லட்சம் வரை வரி இல்லை" என்று எல்லோரும் சொல்வதை அதுவும் சொல்லும். அது 87ஏ பிரிவில் வரும் வரித் தள்ளுபடி; மேலே சொன்ன பங்கு ஆதாயம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படுவதற்கு அது கிடையாது. சம்பளக்காரர்களுக்குக் கழிக்கும் நிலையான கழிவு போகச் சம்பளம் 9 லட்சம், பட்டியலிட்ட பங்கு விற்ற குறுகிய கால ஆதாயம் 1 லட்சம் என்று வை. மொத்தம் 10 லட்சம்தானே, வரி பூஜ்யம் என்று பதில் வரும். உண்மையில் அந்த 1 லட்சத்துக்கு 20 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 20,800 ரூபாய் கட்ட வேண்டும். முன்கூட்டியே வரி கட்டாததற்கு வட்டி தனி.

பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு வாடகைப் படியைக் கவனி. பெங்களூரைப் பெருநகரம் என்று எடுத்துக்கொண்டு அடிப்படைச் சம்பளத்தில் (பேஸிக்) 50 சதவீதம் வரை விலக்கு என்று கணக்கு போடுவது எளிதில் நேரும் பிழை. 2025-26-க்கு அந்தச் சலுகை மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை நான்குக்கு மட்டும். மற்ற ஊர்களுக்கு 40. மாத பேஸிக் 60,000, வாடகைப் படி 30,000, கொடுக்கும் வாடகை 40,000 என்றால் விலக்கு ஆண்டுக்கு 2,88,000 ரூபாய்தான். 50 சதவீதம் என்று போட்டால் 3,60,000 ஆகிவிடும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இந்த 72,000 ரூபாய் வித்தியாசம் செஸ்ஸோடு 22,464 ரூபாய் வரிக் குறைவாகப் பதிவாகும்.

எனக்கு அதிகக் கவலை உன் கம்பெனி தரும் வெளிநாட்டுப் பங்குகள் பற்றித்தான். பங்கு உன் பெயருக்கு வந்த நாளின் மதிப்பு ஏற்கெனவே சம்பளத்தில் சேர்ந்து, ஃபார்ம் 16-ல் வரியும் பிடிக்கப்பட்டிருக்கும். விற்கும்போது அந்த மதிப்பே உன் வாங்கிய விலை. சில புரோக்கர் அறிக்கைகளில் அந்த இடத்தில் பூஜ்யம் என்று இருக்கும். சாட்பாட் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். 5,00,000 ரூபாய் மதிப்பில் வந்த பங்கை 5,40,000-க்கு விற்றால் ஆதாயம் 40,000. பூஜ்யத்தை நம்பினால் ஏற்கெனவே வரி கட்டிய 5,00,000-க்கும் இரண்டாவது முறை வரி கட்டுவாய். நீண்ட காலம் என்பதற்கு 12 மாதம் என்று அது சொன்னாலும் நம்பாதே. இந்தியச் சந்தையில் பட்டியலிடாத பங்கு என்பதால் 24 மாதம் தாண்ட வேண்டும். பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால ஆதாயத்துக்கு உள்ள 1.25 லட்ச விலக்கும் இதற்குக் கிடையாது.

இந்தப் பங்குகளை விற்காமல் வைத்திருந்தாலும் ரிட்டர்னில் உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். அதனால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் உனக்கு ஆகாது, குறைந்தது ஐடிஆர்-2. அந்த அட்டவணைக்கு நிதியாண்டு அல்ல, 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான காலண்டர் ஆண்டு. காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரலாம். அசையாச் சொத்து தவிர்த்த மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்போதும் உண்டு. பங்கு இருப்பதை நீ சொல்லாவிட்டால் சாட்பாட் தானாக இதைக் கேட்காமலே போகலாம்.

அது காட்டும் தீர்ப்புகளையும் சுற்றறிக்கைகளையும் தேடிப் பார்க்காமல் எங்கும் எழுதாதே. 2025 அக்டோபரில் பாம்பே உயர் நீதிமன்றம் ஒரு வரி மதிப்பீட்டு உத்தரவை ரத்து செய்தது. அதில் ஆதாரமாகக் காட்டப்பட்ட தீர்ப்புகள் எங்கும் இல்லாதவை. செயற்கை நுண்ணறிவு தருவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்று நீதிபதிகள் அப்போது சொன்னார்கள். அதிகாரியின் உத்தரவுக்கே இந்த நிலை.

நீ செய்ய வேண்டியது இது. துறையின் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கை, உன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் இரண்டையும் இறக்கி, ஃபார்ம் 16, வங்கி வட்டி, புரோக்கர் அறிக்கை ஆகியவற்றோடு ஒவ்வொரு பதிவாக ஒப்பிடு. ஆண்டுத் தகவல் அறிக்கையில் தவறான பதிவு இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம். கூட்டல் கழித்தலுக்குத் தளத்திலேயே கால்குலேட்டர் உண்டு; இரண்டு வரி முறைகளையும் அதில் போட்டுப் பார். ஃபார்ம் 16-ஐ முழுசாக எந்த சாட்பாட்டிலும் ஏற்றாதே. உன் பான், விலாசம், சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. கேள்வியை எண்களாக மட்டும் கேள்.

ரிட்டர்னின் கடைசியில் விவரங்கள் சரி என்று உறுதி சொல்வது நீ. வருமானம் குறைத்துக் காட்டப்பட்டதென்று முடிவானால், அதனால் குறைந்துபோன வரித் தொகையில் 50 சதவீதம் அபராதம். உண்மையை மறைத்தோ திரித்தோ காட்டியதென்றால் 200 சதவீதம். சாட்பாட் சொன்னதாக அங்கே பதில் எழுத முடியாது.

பங்கு விவரத்தை மட்டுமாவது ஒரு ஆடிட்டரிடம் காட்டு. அதை ஜூலை கடைசி வாரத்துக்குத் தள்ளாதே, அப்போது அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஈ-வெரிஃபை, அதாவது ரிட்டர்ன் உன்னுடையதுதான் என்று ஆன்லைனில் உறுதி, செய்துவிடு.

அன்புடன்,
அம்மா