ஓடாத கிரைண்டருக்கு இன்னும் கரண்ட் கணக்கா?

மகளிர் உரிமைத்தொகை மனுக்களைச் சரிபார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்கிற விதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது என் மனு தள்ளுபடியானது. சரிதான். அப்போது வியாசர்பாடியில் எங்கள் வீட்டு வாசலிலேயே மாவு வியாபாரம். கிரைண்டரும் பெரிய ஃப்ரிட்ஜும் ஓடி, இரண்டு மாத பில் எழுநூறு யூனிட்டுக்குக் குறைந்ததில்லை. எனக்கும் வருத்தமில்லை.

இப்போதும் அதே பதில் வந்ததில்தான் மனசு ஆறவில்லை.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கிரைண்டர் மோட்டார் போயிற்று. நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்தீர்கள், மறக்கவில்லை. மீதிக்குப் பத்து வட்டிக்கு வாங்கினேன். போன வாடிக்கையைத் திரும்பப் பிடிப்பதற்குள் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்டான்லியில் வைத்தியத்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நாற்பது நாளும் மாவு யார் ஆட்டுவது? வட்டிக்காரர் பொறுப்பாரா? முதலில் கம்மல் போனது, அப்புறம் ஃப்ரிட்ஜ், கடைசியில் கிரைண்டர். அதன் நான்கு கால் தடமும் சிமென்ட் தரையில் அப்படியே இருக்கிறது. கூட்டும்போது என் விளக்குமாறு இன்னும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

இன்று எங்கள் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு லைட். இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மனு வாங்கும் முகாமில் கரண்ட் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையை நீட்டினேன். மேசையிலிருந்த தம்பி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சிஸ்டத்துல தகுதியில்லைன்னு ஏற்கெனவே இருக்கும்மா" என்றார்.

பழைய கணக்கை விட்டுவிட்டுக் கடைசி மூன்று பில்லைப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு நல்ல வேலை கிடைத்து மாடியும் எழுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் இன்னும் வருகிறது. வரட்டும், பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு தடவை ஏழை என்று எழுதினால் கடைசிவரை ஏழை, இல்லை என்று எழுதினால் கடைசிவரை இல்லை போலிருக்கிறது. டெல்லிக்காரர்களும் இப்படித்தான். 2018-ல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுக்கு 2011-ல் எடுத்த கணக்கெடுப்பை வைத்துத்தான் ஆள் பொறுக்கினார்கள். 2011-ல் என் வீட்டுக்காரர் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவார். இன்று டம்ளரைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். வாக்காளர் பட்டியலை மட்டும் வருஷா வருஷம் திருத்த முடிகிறதே!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கடைசி மூன்று பில்லைப் பார்த்து என் மனுவை மறுபடி எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்கிறேன். வாசலில் மறுபடி கிரைண்டர் ஓடினால் நானே வந்து நிறுத்தச் சொல்கிறேன். அதற்கும் ஒரு படிவம் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி