பாலைமரத்தில் இரண்டு வளையங்கள்

ஒட்டுசுட்டான்,
ஆடி மாதம்.

அன்பு மச்சான்,

நீ ஜிம்னாஸ்டிக் வளையங்கள் வைத்து அனுப்பிய பெட்டி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் கிழமையே வந்து சேர்ந்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. வளையங்களைக் கட்டி, நாலு பேர் தொங்கிப் பார்த்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன். இப்போது எழுதக் கனக்க இருக்கிறது.

பின்வளவுப் பாலைமரத்தில்தான் கட்டியிருக்கிறேன். கோடரி வாயே மழுங்கிப் போகிற மரம், கிளை அசையாது. இரண்டு பட்டிகளுக்கும் நடுவே போட்டியில் உள்ளபடியே 50 சென்டிமீட்டர் விட்டேன். போட்டியில் வளையம் தரைக்கு மேல் 2.8 மீட்டரில் தொங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம் என்று தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு நிறுத்தி, கீழே ஆற்று மணல் பரப்பிவிட்டேன். பாலைப்பழக் காலம் என்பதால் பின்னேரங்களில் குரங்குகளோடு கொஞ்சம் சண்டை, அவ்வளவுதான்.

பாரிஸ் ஒலிம்பிக் போட்டியைப் பார்த்துவிட்டு, சீனாவின் லியு யாங் அப்படியே காற்றில் படுத்துக் கிடக்கிறான், இதற்கு மேல் மனிச உடம்பால் ஏலுமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி இரண்டு மாதமாக என்னோடேயே திரிகிறது. காரணம், இங்கே வளையத்தில் தொங்க வந்தவர்களில் ஒருவன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நமக்குக் கருப்பணி ஊற்றித் தருவாரே, பனையேறும் அந்தச் சீவல்கார ஐயா, அவருடைய கடைசி மகன். 2009 போரில் மாத்தளன் பக்கம் செல் குண்டு விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. இப்போது சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். எத்தனையோ வருசம் ஊன்றுகோலில் நடந்த தோள், நல்ல உரமான தோள். முதல் நாள் வந்தவன் பொய்க்காலைக் கழற்றி மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு வளையங்களையும் பிடித்து உடம்பை மேலே தூக்கிக் கையை நேராக்கினான். அந்த நிலையில் ஐந்து செக்கன்கூட நிற்க முடியவில்லை. கை இரண்டும் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரும்புக் கம்பி என்றால் அது உன்னைத் தாங்கும். வளையத்தை நீதான் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இப்போது அதே நிலையில் நாற்பது செக்கன் நிற்கிறான்.

அவனுடைய ஆசை சிலுவை. கைகளைத் தோள் மட்டத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டி, முழங்கை மடங்காமல் நிற்பது. போட்டியில் 2 செக்கன் அசையாமல் நின்றால்தான் கணக்கு. இந்த 2 செக்கன் எவ்வளவு பெரிசு என்று அவனுக்கு மணலில் கோடு கீறிக் காட்டினேன். அவன் நிறை 58 கிலோ, ஒரு கைக்கு 29. தோளிலிருந்து வளையம் வரை 60 சென்டிமீட்டர். அந்தக் கையைக் கீழே அழுத்திப் பிடிக்கும் நெஞ்சுத் தசையும் முதுகுத் தசையும் தோள் மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கின்றன. துலாவின் குட்டைப் பக்கத்தில் நின்று மிதிப்பது போல. அதாவது பன்னிரண்டு மடங்கு, ஒரு தோளுக்கு 350 கிலோவுக்குக் கிட்ட. ஐந்து நெல் மூட்டை, மச்சான்! அதனால்தான் மணிக்கட்டை வளையத்துக்கு மேலாக மடித்துப் பிடிக்கிறார்கள். ஒரு அங்குலம் குறைந்தாலும் லாபம்.

வளையத்தில் வெல்பவர்கள் குட்டையாக இருப்பதும் இந்தக் கணக்கால்தான். லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்த பிரேசில்காரன் சனெட்டி 1.56 மீட்டர். உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் நிறை எட்டு மடங்காகும், ஆனால் தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்போடுதான் போகிறது, நாலு மடங்குதான் கூடும். எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியை இழுத்துப் போவதும் யானை ஒரு முழம்கூடத் துள்ளாததும் இதனால்தான். ஆக, எல்லை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் அது இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

சோவியத் அணிக்கு ஆடிய ஆர்மேனியர் அல்பெர்ட் அசர்யான் 1956இலும் 1960இலும் வளையத்தில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். பின்பக்கமாக உடம்பை மெல்ல உருட்டி, கை மடங்காமல் அப்படியே சிலுவைக்கு வருவதற்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அன்று உலகம் வாயைப் பிளந்து பார்த்தது. இன்று பெரிய போட்டிகளில் பல பேர் அதைச் செய்கிறார்கள். இந்த எழுபது வருசத்தில் மனிசரின் எலும்பு மாறிவிடவில்லை. மாறியது பொறுமையாகப் பழக்கும் முறை என்றுதான் நினைக்கிறேன்.

பொறுமை என்று சும்மா சொல்லவில்லை. தசை சில கிழமைகளில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அப்படியில்லை, அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, இறுக மாதக்கணக்கு வேண்டும், வருசமும் ஆகும். தோள் ‘என்னால் ஏலும்’ என்று சொல்லும் நாளில் முழங்கை இன்னும் ஆயத்தமாகியிருக்காது. இத்தாலியின் யூரி கெக்கியைப் பார். 1992 ஒலிம்பிக்குக்குக் கொஞ்சம் முன்னால் குதிகால் நாண் அறுந்தது. 1996இல் வந்து தங்கம் எடுத்தார். 2000இல் கையின் இருதலைத் தசைநாண் அறுந்தது. 2004இல், 34 வயதில், திரும்பி வந்து வெண்கலம் எடுத்தார். அவரை இரண்டு தரமும் விழுத்தியது நாண்தான், தசை இல்லை. நானும் இருபத்திரண்டு வயதில் கிணற்றுக் கயிற்றில் இதே சிலுவைக்கு அவசரப்பட்டு, அந்த வலது முழங்கை இன்றைக்கும் மாரியில் நோகிறது. உனக்குத் தெரியும், நீதான் எண்ணெய் தேய்த்துவிட்டாய்.

அதனால் இந்தத் தம்பியை நான் அவசரப்பட விடவில்லை. அவன் கடையில் கிடந்த பழைய சைக்கிள் ரியூப்புகளைக் கிளையில் கட்டி, முழங்காலை அதில் வைத்துத்தான் சிலுவை பழகுகிறான். ரியூப் எவ்வளவு தாங்குகிறது என்று நெல் நிறுக்கும் தொங்கு தராசைக் கொழுவிப் பார்த்தோம். தொடங்கும்போது 30 கிலோ, இப்போது 22. இன்னும் ஒரு வருசத்துக்குள் ரியூப்பைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. ஐயா சில பின்னேரங்களில் வந்து குந்தியிருந்து பார்ப்பார். அவர்தான் எனக்காகப் பேசினார். தன் மூத்தவனை முதல் வருசம் வடலியை, அந்தச் சின்னப் பனையை, விட உயர்ந்த மரத்தில் ஏற விடவில்லையாம். “கைப்பிடி முதல் நாளே வந்திடும். நரம்பு ஊறத்தான் நாள் எடுக்கும்” என்றார். அவர் நரம்பு என்று சொல்வது இந்த நாணைத்தான்.

போன மாதம் அவன் கேட்ட ஒரு கேள்வியைத்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். “சேர், எனக்குக் காலில்லை. அந்தளவு பாரம் எனக்குக் குறைவு. அப்ப நான் செய்தாலும் அது களவு மாதிரித்தானே?” என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. கணக்குப்படி அவன் சொல்வதில் உண்மை உண்டு. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஒரு ஆளின் நிறையில் நூற்றுக்கு ஆறு பங்கு வரும், அவனுக்கு மூன்றரைக் கிலோ. லியு யாங் மாதிரிக் கிடையாக நிற்பதென்றால் அந்த மூன்றரைக் கிலோ தோளிலிருந்து மிகத் தூரத்தில் தொங்கும் பாரம், அது இல்லாதது பெரிய சுகம். ஆனால் கணக்கில் மறுபாதியும் இருக்கிறது. வலது பக்கம் பாரம் கூடியதால் உடம்பு முறுகி, ஒரு வளையம் எப்போதும் ஓடப் பார்க்கும். இரண்டு கால்காரனுக்கு அந்தப் போராட்டமே இல்லை.

பிறகு அவனுக்கு ஜோர்ஜ் ஐசரைப் பற்றிச் சொன்னேன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், ரயிலில் இடது கால் போய் மரக்கால் போட்டிருந்தவர். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஆறு பதக்கம் எடுத்தார், அதில் மூன்று தங்கம். மூன்றில் ஒன்று கயிறு ஏறுவதற்கு. ஐயா அதைக் கேட்டுவிட்டு, “கயிறோ? காலில்லாமலோ?” என்று இரண்டு தரம் கேட்டார். அவருக்குத்தான் அதன் பெறுமதி விளங்கும். காலில் மாட்டும் தளநார்க் கயிறு இல்லாமல் பனையில் ஏறு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

1976இல் முழங்கால் சில்லு உடைந்தபடி வளையத்தில் ஆடி, அந்தக் காலிலேயே குதித்து 9.7 புள்ளி எடுத்த ஜப்பானியர் புஜிமோட்டோவைப் பற்றி மட்டும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நோவைத் தாங்குவது பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அடுத்த கிழமை அவன் ஒரு சின்னப் பையில் ஈர மணல் நிரப்பி, தராசில் மூன்றரைக் கிலோ நிறுத்து, இடது தொடையில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பை கட்டியபடி 22 கிலோ ரியூப்பில் 2 செக்கன் நின்றான். நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், ஐயா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

இதற்கு மேல் ஏலுமா என்ற உன் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதிலில்லை. ரியூப்பைக் கழற்றும் நாளில் எழுதுகிறேன்.

மற்றபடி எல்லோரும் சுகம். முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் பரவாயில்லை, சிறுபோக நெல் தப்பிவிடும். அம்மா பாலைப்பழம் காய வைத்திருக்கிறா, ஆவணியில் அங்கே வருகிற ஆள் ஒருவரிடம் தந்துவிடுகிறேன். நீ திரும்பப் பெட்டி போட்டால், கையில் பூசும் அந்த மக்னீசியக் கட்டி இரண்டு வை. இங்கே அடுப்புச் சாம்பலைத்தான் பூசுகிறோம், வியர்த்தால் வழுக்குகிறது. முழங்கைக்குச் சுற்றும் பட்டியும் ஒரு சோடி வேண்டும். அவனுக்கு நடுத்தர அளவு போதும்.

என்றும் உன்,
மச்சான்.