நாடக உடையைத் தைத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நாடக விமர்சனத்தில் நடிப்புக்கு ஒரு பக்கம், ஒளியமைப்புக்கு ஒரு பத்தி. உடைக்கு மட்டும் 'உடையலங்காரம் கச்சிதம்' என்று இரண்டே சொல். அதுவாவது கிடைத்ததே என்று இருந்துவிடலாம்தான். ஆனால் மேடைக்கு உடை தைப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணச் சட்டைக்கும் மேடைச் சட்டைக்கும் தையல் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலரும் கூலி பேசுகிறார்கள். வாள் வீசுகிறவர் கையைத் தூக்கினால் அங்கியும் கூடவே மேலேறக் கூடாது. அதற்காக அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்போம். கை தாழ்ந்ததும் அது மடிப்புக்குள் போய்விடும், முன்வரிசைக்கே தெரியாது. நாளைக்கு நடிகர் மாறினால் பிரித்து விரிப்பதற்காகப் பக்கத் தையலில் தாராளமாகத் துணி விட்டுவைப்போம். முன்னால் வரிசையாகத் தெரியும் பொத்தான்கள் பல சமயம் வெறும் பொய். உண்மையில் திறப்பது அடியில் இருக்கும் பிரஸ் பட்டன்தான். ராணி இருட்டில் அரை நிமிடத்தில் பிச்சைக்காரியாக வேண்டுமே! வெல்க்ரோ இன்னும் வேகம், ஆனால் பிரிக்கும்போது அந்தச் சத்தம் வசனத்தையே கெடுத்துவிடும்.

அப்புறம் அந்தப் பிச்சைக்காரியின் கந்தல். புதுத் துணியைத் தைத்து, முழங்கையையும் காலரையும் உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். யாருடைய பழைய துணியோ என்று பார்ப்பவர் நினைத்தால் வேலை சரியாக அமைந்தது என்று அர்த்தம். வேலை நன்றாக அமைந்தால் செய்தவர் கண்ணுக்கே தெரியமாட்டார்; எங்கள் சிக்கலே அதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் உடைக்கு எவ்வளவு மரியாதை என்று காட்ட, லண்டன் நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கேட்டைச் சொல்வார்கள். 1603-ல் தாமஸ் ஹேவுட்டுக்கு ஒரு நாடகம் எழுதியதற்கு 6 பவுண்டு. அதே நாடகத்துக்கு ஒரு கறுப்பு வெல்வெட் கவுன் வாங்க 6 பவுண்டு 13 ஷில்லிங். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விலை வெல்வெட்டின் விலை. இன்று ஆலைத் துணி மலிந்துவிட்டது, அதோடு உடையும் மலிவுதான் என்று ஆகிவிட்டது. கைத்தையலுக்குப் பிடிக்கும் நேரம் மட்டும் குறையவே இல்லை.

ஆங்கில நடிகை எலன் டெர்ரி 1888-ல் லண்டன் லைசியம் அரங்கில், ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தில் லேடி மேக்பத்தாக அணிந்த பச்சை உடையைப் பாருங்கள். அதில் சுமார் ஆயிரம் பொன்வண்டு இறக்கைகள் கோத்துத் தைக்கப்பட்டிருந்தன. விளக்கு வெளிச்சத்தில் செதில் மின்னுவது போல மின்ன வேண்டும் என்பது எண்ணம். ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அந்த உடையில் அவரை வரைந்த ஓவியம் உலகப் புகழ். உடையை வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார், செய்து கொடுத்தவர் ஏடா நெட்டில்ஷிப். இந்த இரண்டு பெயர்களும் ஓவியரின் பெயர் அளவுக்கு யாருக்கும் தெரியாது. நம் காலத்தில் அந்த உடையைச் செப்பனிடவே 1,300 மணி நேரம் ஆனது.

வடிவமைப்பாளர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அமெரிக்க நாடக உலகின் டோனி விருதில் 1947-லிருந்தே உடை வடிவமைப்பையும் கௌரவிக்கிறார்கள், நல்லது. தாளில் தட்டையாக இருக்கும் படத்தைப் பார்த்து, மூச்சு வாங்கும் ஓர் உடம்புக்கு ஏற்றபடி துணியை வெட்டுகிறவருக்கு நிகழ்ச்சிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். வெட்டியவர், தைத்தவர், பழசாக்கியவர் எல்லார் பெயரையும் அச்சிட்டால் மிஞ்சிப்போனால் நான்கு வரி கூடும்.

கூலியிலும் ஒரு திருத்தம் வேண்டும். மலிவுத் துணியில் முதலில் தைத்துப் பார்க்கும் மாதிரிக்கும், ஒத்திகைக்குப் பின் இயக்குநர் சொல்லும் மாற்றங்களுக்கும் ஆகும் நேரத்தை நாடகக் குழுக்கள் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்கட்டும். இப்போது அதெல்லாம் 'சின்ன வேலைதானே' என்று இலவசமாகவே போகிறது.

இப்படிக்கு,
ஒரு நாடக உடைத் தையல் கலைஞர்